வீட்டில் ஸ்டீல் சைக்கிள் ஃப்ரேம்: அரத்துக்கு ஆறு பங்கு, தீக்கு ஒரு பங்கு

குழாய்களை உருகிய பித்தளையால் ஒட்டி (பிரேஸிங்) ஃப்ரேம் செய்யும் முறை இது. முதலில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கை வாங்குங்கள். படம் வரைவது அதற்குப் பிறகு. சக்கர அச்சிலிருந்து, ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் கிரவுன் வரை 370 மி.மீ. என்று வைத்து வரைந்த ஃப்ரேமில் 395 மி.மீ. ஃபோர்க்கை மாட்டினால், முன்பக்கம் தூக்கி, ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஹெட் டியூபின் கோணம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சாய்ந்துவிடும். ஃபோர்க்கையும் நாமே செய்யும் ஆசை அடுத்த வண்டிக்கு இருக்கட்டும். அது ஒடிந்தால் விழுவது முகத்தில்தான்.

குழாய் 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு), முழு நீளத்துக்கும் ஒரே சீராக 0.9 மி.மீ. கனம். வெளிவிட்டம், மேலே கிடையாகப் போகும் டாப் டியூபுக்கும் சீட்டுக்குக் கீழே நிற்கும் சீட் டியூபுக்கும் 28.6 மி.மீ., ஹெட் டியூபிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபுக்கு 31.8. நடுவில் மெலிந்த பட்டட் குழாயைவிட எடை கூடும். ஆனால் எங்கே வெட்டினாலும் கனம் மாறாது. சீட் டியூபின் உள்விட்டம் 26.8 வரும், ஆகவே சீட்டைத் தாங்கும் 27.2 சீட் போஸ்ட் நுழையாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பைப் கேட்டால் பெரும்பாலும் மைல்டு ஸ்டீல்தான் எடுத்துப் போடுவார்கள். பயிற்சிக்கு அது நல்லது. ஜி.ஐ. பைப்பைத் தொடவே வேண்டாம். துத்தநாகப் பூச்சின் புகையை இழுத்தால் ராத்திரிக்குள் குளிர்காய்ச்சல்.

ஒரு குழாயின் நுனி இன்னொன்றின் முதுகில் பொருந்தி உட்கார வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. வெட்டு வளைவு வரைந்த காகிதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, ஒரு மி.மீ. விட்டு ஹாக்சாவால் வெட்டி, மீதியை அரைவட்ட அரத்தால் தேயுங்கள். பொருத்திப் பார்த்து, பின்னால் டியூப்லைட்டைப் பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இடைவெளியைப் பித்தளையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறும்போது அது சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுத்துவிடும். டாப் டியூபின் இரு நுனி வெட்டுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எல்-ஆங்கிளைக் குழாய்மேல் படுக்க வைத்து நீளக்கோடு கிழித்துக்கொண்டால் முறுக்கு விழாது.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஆக்சிஜன் சிலிண்டரை இறக்கினால் அசோசியேஷன் அன்றைக்கே கூடிவிடும். அரவேலையை வீட்டில் முடித்து, கேஸ் வெல்டிங் தெரிந்த பட்டறையில் மேசை கேளுங்கள். கிரில், கேட் செய்யும் ஆர்க் வெல்டிங் கடை இதற்கு உதவாது, 0.9 மி.மீ. ஓட்டை விழும். சொந்த டார்ச் என்றால் இரண்டு ஹோஸிலும், தீ உள்ளே திரும்பாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் கட்டாயம். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது.

மூட்டைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு எமரி போட்டு, அசிட்டோனால் துடைத்து, சூட்டில் இரும்பைக் கறுக்கவிடாமல் காக்கும் பசையான ஃப்ளக்ஸைப் பூசுங்கள். அடைபட்ட குழாய்க்கு 3 மி.மீ. துளை வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று உருகும் பித்தளையைத் துப்பும். முதலில் நான்கு இடத்தில் மட்டும் பொட்டுவைத்து ஒட்டுங்கள் (டேக்), அளவு பார்த்தபின் முழுச் சுற்று. பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் ஷெல் மற்றக் குழாயைவிடத் தடிமன், அதனால் தீயை அதன்மேல் அதிகம் காட்டுங்கள். ஃப்ளக்ஸ் கண்ணாடியாய்த் தெளிந்து, இரும்பு மங்கிய ஆரஞ்சுக்கு வரும்போது பித்தளை ராடை வைத்தால் தானாக ஓடும். உருண்டு நின்றால் சூடு போதவில்லை. வெள்ளைப் புகை கிளம்பினால் சூடு மிஞ்சி பித்தளையிலுள்ள துத்தநாகம் ஆவியாகிறது. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள்; குரோமோலி விறைத்து விரிசல் விடும்.

முதலில் சீட் டியூபை ஷெல்லோடு சேருங்கள். அடுத்து ஹெட் டியூப், டவுன் டியூப், பிறகு டாப் டியூப். பின்சக்கரத்தைப் பிடிக்கும் செயின் ஸ்டே, சீட் ஸ்டே கடைசியில். பின்சக்கர அச்சு உட்காரும் இரண்டு டிராப்அவுட்டுகளுக்கு இடைவெளி ரிம் பிரேக் ரோடு சக்கரத்துக்கு 130, டூரிங்குக்கு 135 மி.மீ. ஹெட் டியூபிலிருந்து ஒரு நூலை டிராப்அவுட்டுகளைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, சீட் டியூபுக்கு இருபுறமும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு மி.மீ. வித்தியாசம் வரை விட்டுவிடலாம்.

சூட்டில் ஷெல் மரை கோணும். 1.37 அங்குலம், 24 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 24 மரை) டேப் என்ற மரை வெட்டும் கருவி உள்ள சைக்கிள் கடையில் சீர்செய்யுங்கள். செயின் பக்கம் இடது மரை என்று சொல்லிக் கொடுங்கள். ஃப்ளக்ஸ் கண்ணாடியை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், மிச்சமிருந்தால் பெயின்ட் உரியும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் வெறும் இரும்பு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். எண்ணெய் தடவி வையுங்கள், பெயின்ட்டுக்கு முன் அதைத் துடைத்தெடுங்கள். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் (பொடியைப் பூசிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்கிறார்கள். அங்கே 200 டிகிரிச் சூடு பித்தளையை ஒன்றும் செய்யாது. மரைகளையும் சீட் டியூபின் வாயையும் அடைத்துக் கொடுக்க மறக்காதீர்கள்.