வகுப்புக்கு வராத பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் கிளம்பும்போது, என் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி யாரையும் மிரட்டாதீர்கள். மிரட்டினால் அடுத்த முறை உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொள்வார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தில் நமக்கும் வேலை இருக்கிறது. வருகையைப் பற்றிப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் பொறுப்பு. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்கிறது 16ஆம் பிரிவு.

மூன்றாம் நாளும் ஆப்சென்ட் என்றால் வீட்டுக்குப் போங்கள். பகலில் போனால் பூட்டுதான் இருக்கும், கூலி வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போங்கள். தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருத் தாய் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொள்ளலாம். அப்பா முன்னால் வைத்து "ஏன்டா வரலை?" என்று கேட்காதீர்கள். அடி விழும். பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள், வீட்டுப்பாடம் எழுதவில்லை, சார் அடிப்பார் என்று பயம் என ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் வரும். கடைசிக் காரணம் நம்மால் வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. மீறினால் ஆசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரும்.

குடும்பமே வெளியூர் போகிறது என்று தெரிந்தால், கிளம்புவதற்குள் அம்மாவைப் பாருங்கள். பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் அந்தப் பிள்ளைக்கு உள்ள எண்ணை, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "சூளைக்குப் பக்கத்தில் எந்த அரசுப் பள்ளி இருந்தாலும் சேர்க்கலாம். டி.சி. கையில் இல்லை, ஆண்டு நடுவில் வந்திருக்கிறீர்கள் என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் கல்வித் துறை உதவி எண் 14417க்குப் பேசச் சொல்லுங்கள். 14 வயது ஆகாத பிள்ளையைக் கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களே பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை திரும்பி வரும் முதல் நாள். "வாங்க துரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் அந்த இடம் மறுபடி காலி. பெஞ்சில் ஏற்றுவது, வெளியே நிறுத்துவது, விட்டுப்போன நோட்டு எல்லாவற்றையும் எழுதச் சொல்வது எதுவும் வேண்டாம். "வந்துட்டியா, உட்கார்" என்று சொல்லி, நன்றாகப் பேசும் பிள்ளை பக்கத்தில் உட்கார வையுங்கள். விட்டுப்போன பாடத்தில் கணக்கை மட்டும் முதலில் எடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம், கணக்கு விட்டால் அடுத்தது எதுவும் புரியாது. அந்த வாரம் முழுக்க எச்.எம். காலையில் வகுப்புப் பக்கம் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசட்டும். எங்கள் பள்ளியில் இதற்கு நல்ல பலன் இருக்கிறது.

அப்புறம், எட்டாம் வகுப்பு. 16ஆம் பிரிவின் பாதுகாப்பு அதோடு முடிகிறது, நிறையப் பெண் பிள்ளைகள் நின்றுபோவதும் அங்கேதான். டி.சி.யைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் பெயர் ஏறிவிட்டதா என்று ஜூன் மாதத்திலேயே எமிஸில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போங்கள்.