குழந்தையின் பாலும் செக்யூரிட்டி சோதனையும்: நாம் செய்யும் தவறுகள்

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது முதன்முதலாக அவளைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு விமானம் ஏறினோம். நூறு மில்லிக்கு மேல் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொன்ன பயத்தில், பால் பாட்டிலையும் வெந்நீர் ஃபிளாஸ்கையும் டயப்பர்களுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். எக்ஸ்ரே மெஷினுக்கு டயப்பரெல்லாம் ஒரு மறைப்பா? பையைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். பிதுங்கிக்கொண்டிருந்த பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட, இவள் பசியில் வீறிட, எனக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அந்த அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "குழந்தைக்குப் பால்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

அனுமதி உள்ள பொருளை நானே கடத்தல் சரக்கு மாதிரி ஆக்கியிருக்கிறேன்!

அந்த நூறு மில்லி விதி வந்த கதை பலருக்கு நினைவிருக்கும். 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. கைப்பையே கூடாது என்று பிரிட்டன் அறிவித்த அந்த முதல் நாளில்கூட, உடன் வருபவர் ஒரு வாய் சுவைத்துக் காட்டினால் குழந்தைக்கான பாலை விட்டார்கள். இன்றும் இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றிலும் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. மற்ற திரவங்களைப் போட்டுக் காட்டச் சொல்லும் அந்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அதை அடக்கவும் வேண்டாம். செய்ய வேண்டியதெல்லாம், குழந்தைச் சாமான்களை ஒரே சின்னப் பையில் வைத்து, ட்ரே எடுக்கும்போதே "இதில் குழந்தைக்குப் பாலும் சாப்பாடும் இருக்கிறது" என்று சொல்லித் தனியாக வைப்பதுதான். சென்னை, திருச்சி என்று நம் ஊர் விமான நிலையங்களில் தமிழிலோ அரைகுறை இந்தியிலோ சொன்னாலும் போதும், பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் எந்த மொழியிலும் புரியும்.

அடுத்த தவறு, வீட்டிலேயே பாலைக் கலக்கி எடுத்துக்கொண்டு கிளம்புவது. இதில் செக்யூரிட்டியைவிடக் குழந்தையின் வயிறுதான் பெரிய கவலை. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும், கலந்த பாலை வெளியே வைத்தால் 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்கிறோம். தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ கலக்கிய பால், விமானத்தில் ஏறி உட்காரும்போது கீழே கொட்ட வேண்டிய பால்தான். ஒவ்வொரு வேளைக்கும் அளந்த பவுடரை உலர்ந்த டப்பாவில் தனித்தனியாகப் போட்டு, கொதித்த நீரை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலுக்கான நீருக்கும் விலக்கு உண்டு. ஆனால் பிரிட்டனில் அதற்குக் குழந்தை கூடவே இருக்க வேண்டும், நீர் கிருமி நீக்கியதாகவும் இருக்க வேண்டும். ஸ்டீல் ஃபிளாஸ்கின் உள்ளே இருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, திறக்கச் சொல்வார்கள். அதனால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், திறக்கும்போது கை வெந்துபோகும். விமானத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள்தான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண்ணும் இருக்கையில் பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். குழந்தைக்கு அந்த நேரம் பார்த்துத்தான் பசிக்கும்.

டின் பெரிதாக இருக்கிறது என்று பவுடரை எழுத்தே இல்லாத ஜிப் கவரில் மாற்றிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பொடி, பெயர் இல்லை, பெரிய பொட்டலம். எடுத்துப் பார்க்காமல் விடுவார்களா? அமெரிக்காவில் 2018 முதல் 350 மில்லி அளவைத் தாண்டும் பொடிகளைக் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். குழந்தைப் பால் பவுடர் அந்தக் கட்டுப்பாட்டில் வராது. ஆனால் அது பால் பவுடர்தான் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா? ஒரு டின்னையோ உறை பிரிக்காத பாக்கெட்டையோ அப்படியே கையில் வையுங்கள். அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த சத்துமாவும் நேந்திரங்காய்ப் பொடியும் பயணத்துக்குத் தேவையான ஒரு கைப்பிடி போக மீதி செக்-இன் பெட்டிக்குப் போகட்டும்.

ஒரு விமான நிலையத்தில் விட்டால் எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம். விமானம் மாறும் ஊரில் பெரும்பாலும் மறுபடி சோதனை உண்டு. சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று டெர்மினல்களிலும் சோதனை, விமானம் ஏறும் கேட்டிலேயே நடக்கிறது. குடியேற்றம் தாண்டி, கடை கடையாகச் சுற்றி, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஜூஸ் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு எக்ஸ்ரே காத்திருக்கும். பெரியவர்கள் குடிக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதுதான். குழந்தைக்கானதைத் தனியாக, மறுபடி சொல்லிக் காட்ட வேண்டும்.

நாட்டுக்கு நாடு விதி மாறுவது தாய்ப்பால் விஷயத்தில் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் குழந்தை உடன் இல்லாவிட்டாலும் தாய்ப்பால், பம்ப், ஐஸ் பேக் எல்லாம் கைப்பையில் போகலாம், உறைந்திருந்தாலும் சரி, பாதி உருகியிருந்தாலும் சரி. பிரிட்டனிலும் குழந்தை உடன் இல்லாமல் தாய்ப்பால் கொண்டுபோகலாம், ஒரு பாத்திரத்துக்கு 2,000 மில்லி வரை. ஆனால் அதை உறையவைத்துவிட்டால் கைப்பையில் அனுமதி கிடையாது, செக்-இன் பெட்டிதான். பல நாள் சேர்த்து உறையவைத்த பாலை லண்டன் சோதனைச் சாவடியில் இழந்து நிற்பதைவிடக் கொடுமை ஒரு தாய்க்கு வேறில்லை. ஆகவே, ஏறும் ஊர், மாறும் ஊர், திரும்பும் ஊர் மூன்றின் விதியையும் முந்தின நாளே அந்தந்த அரசுத் தளத்தில் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

எவ்வளவு எடுத்துப்போவது? இந்தியாவிலோ அமெரிக்காவிலோ இத்தனை மில்லி என்று விதி சொல்வதில்லை, பயணத்துக்குத் தேவையான அளவு என்றுதான் சொல்கிறது. நான் போடும் கணக்கு இது: வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து போய்ச் சேரும் வீட்டுக் கதவு வரை மணி எண்ணுங்கள். சென்னையிலிருந்து ஒரு ஊரில் மாறி அமெரிக்கா போக 24 மணி நேரம் என்றால், மூன்று மணிக்கு ஒரு வேளையாக எட்டு வேளை. விமானம் தாமதமானால் என்று இன்னும் நான்கு. அதற்குமேல் உள்ளது பெட்டிக்கு. நாலு வயது அண்ணனின் மாம்பழ ஜூஸை இந்தக் கணக்கில் நுழைக்கப் பார்க்காதீர்கள், அந்த அதிகாரிக்கும் பிள்ளைகள் இருக்கும்.

ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னால் கோபப்பட வேண்டாம். பாட்டில் நிப்பிளில் வாய் வைக்காமல் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டுங்கள். எக்ஸ்ரேயால் பால் கெடாது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், எக்ஸ்ரேயில் விடாதீர்கள், திறக்காதீர்கள் என்று அமெரிக்காவில் கேட்க உரிமை உண்டு. அதற்குப் பதிலாக உங்களைக் கூடுதலாகச் சோதிப்பார்கள். பாலாடையில் புகட்டும் வழக்கம் இருந்தால் அதையும் தாராளமாகக் கொண்டுபோங்கள், வெளிநாட்டில் இது என்ன விளக்கா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

செக்யூரிட்டியில் விட்டார்கள் என்பதற்காகச் சுங்கத்திலும் விடுவார்கள் என்று அர்த்தமில்லை. இவர்கள் தேடுவது வெடிமருந்தை, அவர்கள் தேடுவது பூச்சியையும் கால்நடை நோயையும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரத் தடை உண்டு. குழந்தைப் பால் பவுடருக்கு 2 கிலோ வரை விலக்கு, அதுவும் கம்பெனி பாக்கெட்டில், குளிர்சாதனம் தேவைப்படாததாக இருந்தால். அம்மா உருக்கிய நெய்க்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும்போது உணவுப்பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே சொல்லுங்கள். சொன்னால், கூடாத பொருளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம்.