டிபி ஆராய்ச்சியாளர் ஒருத்தரோட வேலை எவ்ளோ பெருசுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பிஎச்டிக்கு கைடு தேடுறவங்களும் சரி, யாரையாவது பத்தி கட்டுரை எழுதப் போறவங்களும் சரி, மொதல்ல பண்றது ஒண்ணுதான். கூகுள் ஸ்காலர்ல பேர போட்டு, சைட்டேஷன் (மத்தவங்க அவர் பேப்பர மேற்கோள் காட்டுனது) எவ்ளோ, எச் இன்டெக்ஸ் எவ்ளோன்னு பாத்துட்டு ஒண்ணு வாய பொளக்குறது, இல்ல உச் கொட்டிட்டு டேப மூடுறது. மத்த துறைல எப்படியோ, டிபில இந்த நம்பர் நல்லா ஏமாத்தும்.

மொதல்ல ஆள் சரியான ஆள்தானான்னு பாருங்க. இனிஷியல் முன்னாடி ஒரு பேப்பர்ல, பின்னாடி இன்னொரு பேப்பர்லன்னு வந்தா ஒரே ஆள் மூணு ஆளா பிரிஞ்சி கெடப்பாரு, அதே பேர்ல இருக்குற நாலு பேர் ஒரே ப்ரொஃபைல்ல சேந்தும் கெடப்பாங்க. ஓர்கிட் நம்பர் இருந்தா, அதான் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா இருக்குற 16 இலக்க அடையாள நம்பர், அத வெச்சி தேடுங்க, தலைவலி மிச்சம்.

எச் இன்டெக்ஸ் வந்து 2005ல ஜோர்ஜ் ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்னது. 20ன்னா, குறைஞ்சது 20 தடவை சைட் ஆன பேப்பர் 20 இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். இத வெச்சி டிபிகாரரையும் கேன்சர்காரரையும் ஒப்பிடாதீங்க. ஈ கோலைங்கிற குடல் பாக்டீரியா 20 நிமிஷத்துல ரெண்டாகும், டிபி கிருமிக்கு கிட்டத்தட்ட 20 மணி நேரம் வேணும். கல்ச்சர் போட்டா, அதாவது லேப்ல கிருமிய வளத்து பாத்தா, வாரக்கணக்குல காத்திருக்கணும், ட்ரீட்மெண்ட் சாதாரணமாவே 6 மாசம், அதுக்கப்புறம் நோய் திரும்ப வருதான்னு வேற ஃபாலோ பண்ணணும், ஆக ஒரு ட்ரையல் (நோயாளிங்ககிட்ட மருந்த சோதிச்சி பாக்குறது) முடிஞ்சி பேப்பரா வரதுக்குள்ள பல வருஷம் ஓடிடும். பேப்பர் கம்மியா இருக்கேன்னு சோம்பேறின்னு முடிவு கட்டிடாதீங்க.

அடுத்து பேப்பர வகை பிரிங்க. ரிவ்யூ பேப்பர், அதாவது மத்தவங்க ஆராய்ச்சிய தொகுத்து எழுதுறது, பொதுவா நெறைய சைட் ஆகும், அதுல அவரே கண்டுபிடிச்சது எதுவும் இருக்கணும்னு இல்ல. நூத்துக்கணக்கான பேர் எழுதுன பேப்பர்ல நடுவுல எங்கயோ பேர் இருந்தா அத தனியா ஒதுக்கி வைங்க. மொதல் பேரா, கடைசி பேரா, கரஸ்பாண்டிங் ஆத்தரா (பேப்பர பத்தின கேள்விக்கு பதில் சொல்ற பொறுப்பாளரா) இருக்குறத மட்டும் எடுத்து படிங்க.

இப்பதான் முக்கியமான இடம், இதுக்குத்தான் நேரம் செலவழிக்கணும். டபிள்யூஹெச்ஓவோட (உலக சுகாதார அமைப்பு) டிபி கைட்லைன எடுத்து, அதுல எந்த ட்ரையல ஆதாரமா காட்டியிருக்காங்கன்னு தேடுங்க. உதாரணத்துக்கு மெட்ராஸ் ஸ்டடி. 1956ல ஆரம்பிச்சி 1959ல டபிள்யூஹெச்ஓ புல்லட்டின்ல வந்தது, வாலஸ் ஃபாக்ஸ் டீம், பேஷண்ட் வெறும் 193 பேர்தான். பாதி பேர் சானடோரியத்துல (டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரி), பாதி பேர் வீட்லயே, ரெண்டு பக்கமும் ஒரே மருந்து. வீட்ல இருந்தவங்களுக்கு சாப்பாடும் ஓய்வும் கம்மி, எடமும் நெருக்கடி, ஆனாலும் ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கூட இருந்த குடும்பத்துக்காரங்களுக்கும் நோய் கூடுதலா தொத்தல. அதுக்கப்புறம்தான் டிபின்னா சானடோரியத்துல படுத்தே ஆகணும்ங்கிற நெனப்பு உலகம் பூரா ஆட்டம் கண்டுது. இத எந்த இன்டெக்ஸ்ல போய் அளப்பீங்க?

புதுசா ஒண்ணு வேணும்னா நிக்ஸ் டிபி ட்ரையல், 2020, மொத்தம் 109 பேர். வழக்கமான மருந்துக்கு கட்டுப்படாம ரெஸிஸ்டன்ஸ் முத்திப்போன டிபி, மூணு மருந்து, பத்துல ஒன்பது பேருக்கு நல்ல ரிசல்ட். ஒப்பிட்டு பாக்க வேற மருந்து குடுத்த கன்ட்ரோல் க்ரூப்பே இல்ல, அந்த குறைய மறைக்காம நோட் பண்ணணும், ஆனா அதுக்கப்புறம் வந்த ட்ரையல்களையும் சேத்து பாத்துட்டு 2022ல டபிள்யூஹெச்ஓ 6 மாச ட்ரீட்மெண்ட சிபாரிசு பண்ணுச்சி, அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷத்துக்கு மேலயும் மருந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

சைட் பண்ணவங்க என்ன சொல்லி சைட் பண்ணாங்கன்னும் ஒரு பத்து பேப்பராவது தொறந்து பாருங்க, திட்டுனாலும் கணக்குல ஒண்ணுதான் ஏறும். 1882ல டிபி கிருமிய கண்டுபிடிச்ச ராபர்ட் கோக்கே 1890ல டியூபர்குலின்தான் (அந்த கிருமில இருந்து எடுத்த சாறு) மருந்துன்னு அறிவிச்சி, உலகமே ஓடி வந்து, கடைசில அது மருந்தா தோத்துப்போச்சு. ஆனா அதே டியூபர்குலின்தான் பின்னாடி தோல் டெஸ்ட்டா நின்னுச்சு. தோத்த வேலைக்கும் இம்பாக்ட் உண்டு, என்ன, அவர் நெனச்ச எடத்துல இல்ல!

தன்ன தானே சைட் பண்ணிக்கிட்டது எவ்ளோன்னு பாருங்க, எதாவது பேப்பர் வாபஸ் ஆயிருக்கான்னு பப்மெட்ல (மருத்துவ பேப்பர் தேடுற தளம்) ஒரு கண்ணு போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

கைடா கேட்டு மெயில் அனுப்புறவங்க, உங்க எச் இன்டெக்ஸ பாத்து அசந்துட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. அவரோட ஒரு பேப்பர முழுசா படிச்சி, உள்ள இருக்குற ஒரு டேபிள பத்தி ஒரு கேள்வி கேளுங்க, பதில் வர சான்ஸ் அதுலதான் அதிகம்.