சொறியும் நாய்க்கு ஷாம்பூ வேலை செய்ய ஒரு தட்டுத் தயிர்

மருந்து ஷாம்பூ போட்டு நாயைத் தோய வார்க்கும்போது, நுரையை உடனே கழுவாமல் பத்து நிமிடம் விடுங்கள். அதுவரை நாயை நிற்க வைக்க, தட்டில் சீனி போடாத தயிரை மெல்லியதாகப் பூசி முன்னால் வையுங்கள். தயிர் ஒத்துவராவிட்டால் அவித்த பூசணியை மசித்துப் பூசலாம்.

ஷாம்பூவில் இருக்கும் குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிகொல்லி மருந்து தோலில் சிறிது நேரம் தங்கினால்தான் கிருமியைக் கொல்லும். உடனே கழுவினால் காசு கிணற்றடி வாய்க்காலோடு போகும். நக்குவது பயந்த நாயை அமைதிப்படுத்தும். நாக்குக்கு வேலை இருப்பதால் நுரையையும் நக்காது. பிறகு நன்றாக அலசி, விரலிடுக்கையும் அக்குளையும் துவாயால் ஒற்றித் துடையுங்கள். வன்னி வெக்கையில் ஈரம் நிற்கிற இடத்தில்தான் அரிப்பு திரும்பத் தொடங்கும்.

தெள்ளும் உண்ணியும்தான் காரணம் என்றால் இது மட்டும் போதாது. அதற்கு வேறு மருந்து வேண்டும். வட்டமாக மயிர் கொட்டினால், சீழோ நாற்றமோ இருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். கழிவு எஞ்சின் ஒயில் பூசுகிற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம், அது நஞ்சு.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும் நாளிலும், கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தும் நாளிலும் தோய வார்க்காதீர்கள். நடுங்குகிற நாய் தயிரைத் திரும்பியும் பார்க்காது.