விக்டோரியா கால வீடுகள்: பார்ப்பதிலும் பழுது பார்ப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'விக்டோரியன் பாணி' என்று ஒரே ஒரு பாணி இருப்பதாக நினைப்பதில்தான் பலரும் முதலில் சறுக்குகிறார்கள். பிரிட்டன் ராணி விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. 1845-ல் அவருக்காகக் கட்டத் தொடங்கிய ஆஸ்போர்ன் ஹவுஸைப் பார்த்தால் இத்தாலிய மாளிகை என்பீர்கள். 1887-ல் எழுந்த விட்விக் மேனர், கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக, அதைவிட முந்நூறு வருடம் மூத்த வீடு போல நிற்கும். தோற்றத்தை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டனின் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத்தில் உள்ள ரெட் ஹவுஸ். கவிஞரும் அலங்கார வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸுக்காக, அவருடைய நண்பரான கட்டடக் கலைஞர் பிலிப் வெப் 1859-ல் வரைந்த வீடு. தனியாகத் தொழில் தொடங்கிய வெப்புக்கு அதுதான் முதல் வேலை. பூசாத செங்கல் சுவர், செங்குத்தான ஓட்டுக்கூரை, 'எல்' வடிவம், முற்றத்தில் கூம்புக் கூரை போட்ட கிணறு. ஜன்னல்கள் ஒரே அளவில் இருக்காது. மாடி நடைவழியில் வட்ட ஜன்னல்கள்கூட உண்டு. இதை ஒழுங்கின்மை என்று நினைப்பது தவறு. உள்ளே அந்த அறைக்கு என்ன வெளிச்சம் வேண்டுமோ, அதற்கேற்ற ஜன்னல் அது. இப்படிப்பட்ட வீட்டில் 'பார்க்க எடுப்பாக இருக்குமே' என்று ஒரு பக்கத்துக்கு ஜோடியாக மறுபக்கம் ஜன்னல் திறந்தால், வீட்டின் தர்க்கமே போய்விடும்.

அதற்காக எல்லாவற்றையும் மெச்சவும் வேண்டாம். ரெட் ஹவுஸின் முக்கிய அறைகள் வடக்கு பார்த்தவை. நம் வெயிலுக்கு அது வரம். ஆனால் இங்கிலாந்தில் தெற்கிலிருந்துதான் வெயில் வரும். அங்கே அது குளிர். நம் ஊர்க் கண்ணோடு போய்ப் பார்த்தால் இந்தக் குறை தெரியாது.

சரி, பழுது பார்ப்பதற்கு வருவோம். ஆகப் பெரிய கேடு சிமென்ட். அக்காலச் செங்கல் மென்மையானது, இடையில் இருப்பது சுண்ணாம்புக் காரை. சுவருக்குள் போன ஈரம் அந்தக் காரை வழியாகத்தான் வெளியேறும். காரை உதிர்ந்த இடத்தில் சிமென்டை அடைத்தால் அந்த வழி மூடிவிடும். ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் பொரிந்து விழும். விரலால் தடவினால் சிவப்புப் பொடி ஒட்டும். கடைசியில் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் குழிந்து போயிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த நம் பழைய கொத்தனார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வதும் இதே அழிவுதான். செங்கலின் சுட்ட மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது.

அப்புறம், சுரண்டும் ஆசை. பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக்கினால் அழகு என்று நினைக்கிறோம். ரெட் ஹவுஸில் 2013-ல், படுக்கையறை அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவரில் விவிலிய மாந்தர்களின் ஓவியம் வெளிப்பட்டது. அவசரக்காரர் எவராவது அதற்கு முன்பே சுவரைச் சுரண்டியிருந்தால்? இதே வெப்பும் மோரிஸும்தான் 1877-ல் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். புதுப்பிக்காதே, பழுது மட்டும் பார் என்பதே அதன் கொள்கை.

ரெட் ஹவுஸுக்குப் போனால் கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பாருங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே குத்திவைத்த சிறு புள்ளிகள் தெரியும். வண்ணம் மங்கினாலும் அதே கோலத்தைத் திரும்பத் தீட்ட அந்தப் புள்ளிகள் போதும்.