ரோட் பைக் வாங்கிய கையோடு நாங்கள் விடுகிற பிழைகள்

அண்மையில் பழைய ரோட் பைக் (தார் றோட்டில் வேகமாக ஓடுகிற, மெல்லிய ரயர் போட்ட சைக்கிள்) ஒன்று வாங்கிய தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணை, இதில இன்னும் ஒரு கிலோ எப்படிக் குறைக்கலாம்?" என்பதுதான். தொடங்கின காலத்தில் நானும் இதே யோசனையில்தான் இருந்தேன். மலைநாட்டில் நுவரெலியாவுக்கு ஏறுகிறவருக்கு அந்தக் கேள்வி சரி, ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவையும் கால்தான் தூக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வல்லை வெளியிலும் பண்ணைப் பாலத்திலும் ஓடுகிற எங்களுக்கு ஏற்றமே இல்லை, காற்றுத்தான் இருக்கிறது. சமதரையில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது நீங்கள் போடும் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால் பாரம் குறைந்த காபன் பிறேமுக்குக் காசு சேர்க்க முதல், முழங்கையை மடித்து, ஹாண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்து அரை மணித்தியாலம் ஓடப் பழகுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்காமல் வெளிக்கிடுவது அடுத்த பிழை, என் கணக்கில் இதுதான் பெரியது. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைப் பக்கம் போனால் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது பின்னால் தள்ளிக்கொண்டு வந்து விடும், களைத்த காலுக்கு அது பெரிய உதவி. வடகிழக்கிலிருந்து காற்று வருகிற வாடைக் காலத்தில் எல்லாம் தலைகீழ். போகும்போது இன்றைக்குக் கால் நல்லாய் இருக்கிறதே என்று நினைத்து மிதித்துக்கொண்டே புங்குடுதீவுக் குறிகட்டுவான் வரைக்கும் போய்விடுவோம், பிறகு இருபக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரமில்லை, கையில் தண்ணீருமில்லை. முதலில் எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று பாதையைத் தெரிவு செய்யுங்கள். ஆழமான றிம் (அகலமான பக்கச் சுவருள்ள விளிம்பு) போட்ட சில்லுகளை வாங்க நினைப்பவர்கள் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் பக்கக் காற்றில் ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அந்த இடத்தில் முன் சில்லை யாரோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கும்.

ரயருக்குக் காற்று அடிக்கும்போது அதன் பக்கத்தில் எழுதியிருக்கிற ஆகக் கூடிய அளவு வரைக்கும் அடிக்கிறார்கள். அது தாண்டக்கூடாத எல்லை, கட்டாயம் அடிக்க வேண்டிய அளவு என்று யாரும் எழுதவில்லை. 28 மில்லிமீற்றர் ரயரும் 65 கிலோ ஆளும் என்றால் 70 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டுகிற காற்றழுத்த அளவு) சுற்றித் தொடங்கிப் பாருங்கள். கல்லு றோட்டில் கையும் இடுப்பும் நோவது குறையும், சில்லும் துள்ளாமல் ஓடும். மிகக் குறைத்தால் குழியில் றிம் முட்டி ரியூப் இரண்டு இடத்தில் கிழியும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீற் உயரத்தை அளந்து பார்க்காமல் கண் மட்டத்தில் வைக்கிறோம். குதிக்காலை பெடலில் வைத்துக் கீழே விட்டால் கால் நேராக நிற்க வேண்டும், பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே கொஞ்சம் மடிந்திருக்கும். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் பெரும்பாலும் சீற் மிகத் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் மிக உயரம்.

கடல் உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போய் வந்த சைக்கிளை அப்படியே சுவரில் சாத்தினால் இரண்டாம் நாளே செயினில் செம்மஞ்சள் தெரியும். வந்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டு, செயின் எண்ணெயை ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி விட்டு, மேலே நிற்கிற எண்ணெயைத் துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் மண்ணெல்லாம் ஒட்டி அரைக்கும், நான் அப்படி ஒரு செயினை முழுதாகக் கெடுத்திருக்கிறேன். அப்புறம் செயினை அளக்கப் பழகுங்கள், அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஒரு ஊசியின் (மூட்டுகளை இணைக்கிற பின்) நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வருகிற 24ஆவது ஊசியின் நடு வரைக்கும் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 வரைக்கும் விட்டால் பின் பற்சில்லுகளும் தேய்ந்துவிடும், அது செயினைவிடப் பல மடங்கு விலை.

இனிப் போட்டி. சித்திரை வருடப்பிறப்புக்கு விளையாட்டுக் கழகங்கள் வைக்கிற சைக்கிள் ஓட்டத்துக்கு முதல்நாள் புதுச் சீற்றும் புதுச் சப்பாத்தும் பூட்டிக்கொண்டு வருகிறவர்களை எல்லா இடத்திலும் காணலாம். பழகாத சீற் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். பெடலில் பூட்டுகிற சப்பாத்து என்றால், நிற்க முதலே காலைக் கழற்றப் பழகும் வரைக்கும் ஒரு மைதானத்தில் புல்லின் மேல் பழகுங்கள். விசில் ஊதினவுடன் முன்னுக்குப் பாய்ந்து முழுக் காற்றையும் தனியாக வாங்குவதும் வேண்டாம், ஒருவரின் பின்சில்லை ஒட்டி ஓடினால் கால் பங்குக்கு மேல் பலம் மிச்சம். காற்று வலப்பக்கத்தால் வந்தால் அவருக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஓடுங்கள், நேர் பின்னால் மறைப்புக் கிடைக்காது.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலான ஓட்டம் என்றால் பசி வரும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருதரம் ஏதாவது சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உடம்புக்கு வேண்டும். ஓட்டக்காரர் சாப்பிடுகிற இனிப்பு ஜெல் பக்கற் இல்லாவிட்டால் பனங்கட்டியும் வாழைப்பழமும் அந்த வேலையைச் செய்யும், போத்தல் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள்.

ஹெல்மெற் ஒருதரம் விழுந்து அடிபட்டால், வெளியே கீறல் மட்டும்தான் என்றாலும் மாற்றுங்கள். உள்ளே இருக்கிற நுரை ஒருமுறைதான் நசிந்து தலையைக் காப்பாற்றும்.