திருமலையில் பீரங்கியும் கப்பலும் பார்க்க ஒரு நாள்

வன்னியிலிருந்து திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, சுற்றுலா போகும் வான்கள் கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று மூன்று இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். கோணேசரிடம் போக பிரெட்றிக் கோட்டை வாசலால்தான் நுழைய வேண்டும். ஆனாலும் கோட்டையைப் பார்க்காமலே வருகிறவர்கள்தான் கூட. இந்தக் குறிப்பு கோட்டையையும் துறைமுகத்துப் பக்கத்து அருங்காட்சியகங்களையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களுக்கு.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீற்றர். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் வெய்யில் ஏறமுதல் கோட்டை வாசலில் நிற்கலாம். கிளிநொச்சியிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் முந்த வேண்டும். பஸ்ஸில் போனால் திருமலையில் இறங்கின கையோடு, திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக் காப்பாளரிடம் கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். போயா நாளையும் அரச விடுமுறையையும் தவிருங்கள். அன்றைக்கு அருங்காட்சியகக் கதவு பூட்டிக் கிடக்கலாம், கோயிலில் சனமும் நிறையும்.

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஃபோனில் எடுத்த படம் காவலில் செல்லாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் 1624இல் கோயிலை இடித்த இடத்தில் கட்டியது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று இரண்டு முறை கை மாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் எடுத்து, 1803இல் பிரெட்றிக் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் இராணுவம் இருக்கிற இடம். ஆகவே முகாம் கட்டடங்களின் பக்கம் கமெராவைத் திருப்பாதீர்கள்.

வாசல் வளைவைத் தாண்டி ஓடிவிடாமல் அங்கேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிலைக்கல்லில் இரட்டைக் கயலும் உடைந்த தமிழ் எழுத்து வரிகளும் தெரியும். கோயிலில் இருந்த கல்லைப் பெயர்த்துக் கோட்டைக்கு வைத்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். உச்சி வெய்யிலில் எழுத்து மங்கிப் போகும். காலைச் சரிவு வெளிச்சத்தில்தான் வெட்டின கோடு நிழல் விட்டு நிற்கும். காலையிலேயே கோட்டைக்கு வரச் சொன்னது இதற்காகவுந்தான். உள்ளே மான்கள் பைக்குள் மூக்கை விடும். பொலித்தீன் பையோடு சாப்பாட்டை நீட்டாதீர்கள், பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அடுத்து பழைய பீரங்கிகள். கோட்டையிலும் சரி, அருங்காட்சியக முற்றத்திலும் சரி, ‘பழைய பீரங்கி’ என்பதோடு விளக்கப் பலகை முடிந்துவிடுவது உண்டு. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைக் கொண்டு போங்கள். பீரங்கியின் வாயைக் குறுக்கே அளந்தால், குழலில் சாய்ந்து தொங்காமலே அது எத்தனை இறாத்தல் குண்டு சுட்டதென்று சொல்லலாம். ஆங்கிலேயக் கணக்கில் 117 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தால் 12 இறாத்தல், 134 என்றால் 18, 148 என்றால் 24. துரு தின்ற வாய் சில மில்லிமீற்றர் கூடக் காட்டும், தடித்த பெயின்ற் குறைத்துக் காட்டும். ஆகவே கிட்டிய எண்ணை எடுங்கள்.

பிறகு குழலின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலேயப் பீரங்கியென்றால் 18-2-14 மாதிரி மூன்று எண் வெட்டியிருக்கலாம். திகதி என்று நினைத்துப் பிழை விடுவது இதில்தான். அது பீரங்கியின் எடை. முதல் எண் அந்தர், ஒன்றுக்கு 112 இறாத்தல். இரண்டாவது கால் அந்தர், ஒன்றுக்கு 28. கடைசி எண் இறாத்தல். கூட்டினால் 2086 இறாத்தல், ஏறக்குறைய 946 கிலோ. அரச முடிச் சின்னத்துக்குக் கீழே GR என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஜோர்ஜ் அரசர்கள் காலம். பெரிய V எழுத்தின் இரு காலிலும் O, C கோத்த முத்திரை என்றால் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி. பெயின்ற்றுக்குக் கீழே எழுத்து மறைந்திருந்தால் ஃபோன் லைற்றை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள், எழும்பி வரும். வெய்யில் ஏறின பிறகு படத்துக்காகப் பிள்ளைகளை இரும்பின் மேல் இருத்த வேண்டாம், தொடை சுடும்.

பத்தரை, பதினொன்றுக்கு உள்துறைமுகப் பக்கத்துக் கடற்படை, கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் 18ஆம் நூற்றாண்டு வீடு. பாழடைந்து கிடந்ததை நெதர்லாந்து உதவியோடு திருத்தி 2013இல் திறந்தார்கள். வெளியே வெய்யில் கொளுத்தும் நேரத்துக்கு இதை ஒதுக்குங்கள். தமிழ் விளக்கம் எல்லாப் பொருளுக்கும் இருக்குமென்று நம்பிப் போகாமல் ஃபோனில் மொழிபெயர்ப்புச் செயலியை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஒவ்வொரு பலகையையும் வாசிக்கப் போனால் இரண்டாவது அறையிலேயே பிள்ளைகள் இருந்துவிடுவார்கள். அறைக்கு ஒரு பொருள் போதும்.

கரையோரப் பிள்ளைகளுக்குப் பழைய கப்பல் நங்கூரம் நல்ல தொடக்கம். நம் படகில் நாலு கொளுக்கி. எப்படி விழுந்தாலும் ஒன்று மண்ணைக் கொத்தும். பெரிய நங்கூரத்துக்கு இரண்டு கொளுக்கிதான். அதனால் மேலே ஒரு குறுக்குத் தடியை, கொளுக்கிகள் விரிகிற திசைக்குக் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தடி கடல் அடியில் படுத்துக்கொண்டு ஒரு கொளுக்கியைக் கீழே திருப்பிவிடும். மேலே கொம்பு முளைத்த இரும்பு உருண்டை கண்டால் அது கடற்கண்ணி. கப்பல் முட்டிக் கொம்பு வளைந்தால் உள்ளேயிருக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து, அதிலுள்ள அமிலம் மின்கலத்துக்குள் ஓடி மின்சாரம் பிறந்து வெடிக்கும்.

1942 ஏப்ரல் 9 பற்றிய பகுதி எங்கே கிடைத்தாலும் நின்று பாருங்கள். அன்று யப்பானிய விமானங்கள் திருமலையைக் குண்டு போட்டன. துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. புல்மோட்டை வழியால் முல்லைத்தீவுக்குத் திரும்புகிறவர்கள் நிலாவெளி வீதியில் அந்த இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் போர்க் கல்லறையிலும் பதினைந்து நிமிடம் இறங்கலாம்.

ஓர்ஸ் ஹில்லில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வைத்திருப்பது பெரும்பாலும் கடைசி யுத்தத்து ஆயுதங்கள், சொல்லியிருப்பது இராணுவத்தின் பக்கம். 2009இல் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வருகிறவர்களை வானில் வைத்தே கேட்டு முடிவெடுங்கள். வாசலில் வைத்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். விட்டுவிட்டாலும் நாளுக்கு ஒரு குறையும் வராது.

ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் கடற்படைத் தளத்துக்குள், உயரமான இடத்தில் இருக்கிறது. உள், வெளித் துறைமுகம் இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். பீரங்கியை ஏன் அங்கே வைத்தார்கள் என்பதற்கு விளக்கப் பலகை தேவைப்படாது. ஆனால் முன் அனுமதி வேண்டும். பாடசாலைக் குழுவென்றால் இரண்டு மூன்று கிழமைக்கு முதலே அதிபரின் கையெழுத்தோடு கடிதம் அனுப்பி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எல்லாம் சேருங்கள். திருப்பி அனுப்பப்படுவது வழக்கமாக இரண்டு காரணத்தால்: சாரதியின் பெயரைப் பட்டியலில் விட்டிருப்பார்கள், அல்லது கடைசி நாளில் வானை மாற்றியிருப்பார்கள். இரண்டுக்கும் கடிதத்தில் ஒரு மாற்றுச் சாரதி, ஒரு மாற்று வாகனம் எழுதிவிடுவது கைகொடுக்கும்.

இன்னொரு முறை யாழ்தேவியில் கொழும்புக்குப் போனால், தேசிய அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்லைத் தேடிப் பாருங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த பொன், வெள்ளி, பட்டு எல்லாவற்றையும் கணக்குச் சொல்கிறது. எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது. படமெடுக்க விட்டால் நேரே நின்று எடுக்காமல் பக்கத்தில் நின்று எடுங்கள், ஃப்ளாஷ் போட வேண்டாம்.